தாய்லாந்தில் ஒரு லாக்கர்

எருமப்பட்டிப் பக்கம் மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்து காடு காடாகக் குருத்து சுருங்கிப்போனது. அதற்கு அடுத்த வருடம் என்னையும் எங்கள் உதவி இயக்குநரையும் தாய்லாந்துக்கு அனுப்ப அரசு முடிவு செய்தது. அந்தப் பூச்சியை அழிக்கும் சின்னஞ்சிறு குளவிகளை அங்கே எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்து வரவேண்டும். நான் நாமக்கல் மாவட்டத்தில் தோட்டக்கலை அலுவலர். அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

எங்களுக்கு முன்னால் கோப்புதான் ஊர் சுற்றியது. சென்னை போனது, டில்லி போனது, போன இடத்தில் எல்லாம் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. குளவியை இங்கேயே பார்க்க முடியாதா என்றுகூட யாரோ கேட்டிருந்தார்கள். உதவி இயக்குநர் சார் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். அரசாணை வந்தது. அரசு வேலையாகப் போகிறவர்களுக்கென்று தருகிற வெள்ளை அட்டை பாஸ்போர்ட்டும் வந்தது. அதைக் கையில் வாங்கிய அன்றே சார் எனக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

சார் ஆத்தூர்க்காரர். ஆபீஸ் பீரோவைப் பூட்டிவிட்டு ஜீப் வரைக்கும் போய், திரும்பி வந்து கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர். தூதரகத்தின் எண்ணை என் செல்போனில் அவரே பதிந்து கொடுத்தார். பாஸ்போர்ட் நகலைப் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, செருப்புக்குள் மடித்து ஒன்று வைக்கச் சொன்னார்.

"செருப்புல எதுக்குங்க சார்?"

"பெட்டி போயிடும், பை போயிடும். செருப்பை யாரும்மா திருடப் போறான்?"

கோயில் வாசலில் நான் தொலைத்த செருப்புகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு பாதி இந்தியாவைச் சுற்றியவர். அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

"யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் தின்னுபோடாத புள்ள."

"ஏனுங்க, சத்தீஸ்கர்ல நீங்க பேரு தெரியாததெல்லாம் தின்னுபோட்டுத்தான வாரீங்க?"

"அது ரிக்கு வண்டில போறது. இது ஏரோப்ளேன்ல போறது. ரெண்டும் ஒண்ணா?" என்றார். அந்த வித்தியாசம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தாய்லாந்தில் இறங்கினால், எங்கள் ஊரையே பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது. செம்மண், வரப்பு, கண்ணுக்கு எட்டிய மட்டும் மரவள்ளி. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குள் குளவிகளைக் காட்டினார்கள். கொசுவைவிடச் சிறியது. இதற்காகவா இத்தனை கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதை வளர்க்கிற விதத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. சாரும் நானும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டோம். அந்த நேரங்களில் மட்டும் சார் பயத்தை மறந்திருந்தார்.

வெளியே வந்தால் பழையபடி. சாலையைக் கடக்கும்போது போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். இளநீர்கூடத் தன் கண்முன்னால் வெட்டினால்தான் குடிப்பார். போன அன்றே என் பாஸ்போர்ட்டையும் வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து ஓட்டல் அறை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டார். ரகசிய எண்ணை நாமே போட்டுக்கொள்ளும் லாக்கர் அது.

"யாரும் கண்டுபிடிக்க முடியாத நம்பரா போட்டிருக்கேன்" என்றார் பெருமையாக.

ஊர் திரும்பும் நாள் காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"கொஞ்சம் வாம்மா. லாக்கர் திறக்கமாட்டேங்குது."

அந்த நம்பரை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. வேலையில் சேர்ந்த தேதியைப் போட்டார். ஜீப்பின் எண்ணைப் போட்டார். ஒவ்வொரு முறையும் அது கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. மனைவியின் பிறந்த நாளாக இருக்குமோ என்றார். அது எப்போது என்று கேட்டேன். சார் தயங்கித் தயங்கி ஆத்தூரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார். அங்கே இன்னும் விடிந்திருக்காது.

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். உன் பொறந்த நாள் என்னிக்கு?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. "அங்க என்னங்க பண்ணிட்டு இருக்கீங்க?"

கடைசியில் அவர் சொன்ன தேதிக்கும் லாக்கர் திறக்கவில்லை. விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த கோப்பு எங்கிருந்து கிளம்பும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருந்தது. கீழே வரவேற்பில் போய்ச் சொன்னேன். ஒரு பெண் சிரித்தபடி வந்தாள், கையிலிருந்த சின்னக் கருவியை லாக்கரில் வைத்து அழுத்தினாள். கதவு திறந்துகொண்டது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சார் பாஸ்போர்ட்டுகளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று பார்த்தேன். முகம் மறுபடியும் வெளுத்தது.

"அப்ப இத்தனை நாளா யாரு வேணும்னாலும் திறந்திருக்கலாமாம்மா?"

விமான நிலையத்தில் காட்டிய நேரம் தவிர, சேலம் வந்து சேரும்வரை என் பாஸ்போர்ட்டை அவர் திருப்பித் தரவில்லை. ரயில் நிலையத்துக்கு அவர் மனைவி வந்திருந்தார். சார் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க, அந்த அம்மா என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"உண்மையச் சொல்லும்மா. அந்த மனுஷன் எதுக்குப் பொறந்த நாள் கேட்டாரு?"

நடந்ததைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நம்பரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஏடிஎம், செல்போன், எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான். லாக்கருக்கும் அதையேதான் போட்டிருப்பாரு. புதுசா போட்டதா நெனச்சிருப்பாரு" என்று சொல்லி, அந்த எண்ணை என் காதிலும் போட்டுவிட்டார்.

சாரின் பாதுகாப்பு கருதி அதை இங்கே எழுதவில்லை.