பிரசவத்தோடு போகாத நோய்

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து கிரெம்தா சாலையில் வஸீலாவிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் யாரும் அவள் பதறிப் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்தாலும் தன் பக்கத்து பிரேக்கை மெல்ல அழுத்திவிட்டு, "சரி, மறுபடி கிளம்புங்க" என்பாள். வயது நாற்பத்து மூன்று. சிகரெட்டைத் தொட்டதில்லை, சர்க்கரை இல்லை.

அந்த மார்ச் மாதம் மட்டும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தாடை வலித்தது. பல் டாக்டர் பல்லில் ஒன்றும் இல்லை என்றார். பக்கத்து கிளினிக்கில், "வேலை ஜாஸ்தி, நரம்புத் தளர்ச்சி" என்று மக்னீசியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஓட்டப் பழக வந்தவர் மொங்கியா. ஐம்பத்திரண்டு வயது தையல்காரி, தேர்வில் மூன்று முறை தோற்றவர். ரவுண்டானாவைக் கண்டாலே ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாவது கிலோமீட்டரைத் தாண்டியபோது வஸீலாவின் தாடை வலி தோளுக்கு இறங்கி இடது கை முழுக்கப் பரவியது. சட்டை வியர்வையில் நனைந்தது. குமட்டியது.

"அக்கா, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"யாரு, நானா?"

"நீங்கதான். என்னால முடியல."

மொங்கியா திரும்பிப் பார்த்தார். வஸீலாவின் முகம் சாம்பலாக இருந்தது. "ஐயோ மகளே, நடுவுல ரெண்டு ரவுண்டானா இருக்கே!"

"இருக்கட்டும். இடதுபக்கம் வர்ற வண்டியைப் பாத்துட்டுப் போங்க."

இரண்டாவது கியரிலேயே, 'யா லதீஃப், யா லதீஃப்' என்று இறைவனைக் கூப்பிட்டு முணுமுணுத்தபடி மொங்கியா ஓட்டினார். பின்னால் வந்த டாக்சிக்காரன் தலையை நீட்டி, "ஏம்மா, மாடா மேய்க்கிற?" என்று கத்தினான்.

"வாயை மூடுடா! உள்ள ஒரு உயிர் போயிட்டிருக்கு!"

அவன் எட்டிப் பார்த்தான். முன்னால் ஏறி, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை வழிவிலக்கிக் கொடுத்தான். மொங்கியா நடைபாதை விளிம்பில் மோதித்தான் வண்டியை நிறுத்தினார்.

மாரடைப்பு. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் இதய டாக்டர் ஆமல், கையில் காகிதத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தார். அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா, கொழுப்பு பார்த்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டவர், "பிரசவத்துல ஏதாவது சிக்கல் இருந்துச்சா?" என்றார்.

இதை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. வஸீலா யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஏழாம் மாதக் கடைசி. பிரஷர் ஏறி, கை வீங்கி, மோதிரத்தை அறுத்தெடுத்தார்கள். தலை வெடிக்கிற வலி, கண்ணுக்குள் பூச்சி பறந்தது, அப்புறம் வலிப்பு. இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள், ஆயிரத்து முந்நூறு கிராம். வீட்டுக்கு அனுப்பும்போது, 'குழந்தை வெளிய வந்தாச்சு, நோயும் போயாச்சு' என்றார்கள்.

டாக்டரின் பேனா நின்றது. "அதுக்கப்புறம் பிரஷர் பாக்கச் சொல்லலையா?"

"ரெண்டு மாசம் பாத்தாங்க. சரியாயிடுச்சுன்னாங்க."

"பிரஷர் இறங்கிடும். ஆனா ரத்தக் குழாய்ல பட்ட அடி பல பேருக்கு முழுசா ஆறாது. கர்ப்பத்துல பிரஷர் ஏறுற அந்த நோய் வந்தவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு. வருஷா வருஷம் பிரஷர், கொழுப்பு, சர்க்கரை பாத்திருக்கணும். உங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கணும்."

மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அவர் குரல். வஸீலாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் மகள் நூரான். பத்தொன்பது வயது. மதியம் சாப்பிடவில்லை. கட்டிலில் முகம் புதைத்து, "நான் பொறந்ததாலதானேம்மா உனக்கு இப்படி ஆச்சு?" என்றாள்.

"பைத்தியக்காரி. நஞ்சுக்கொடி சரியாப் பிடிக்கல, அதுக்கு நீ என்ன பண்ணுவ? எனக்கு வலிப்பு வந்தப்ப உள்ள நீ பட்டினி கிடந்த. ரெண்டு பேரும் சேர்ந்துதான்டி தப்பிச்சோம்." மூச்சு வாங்கியதும் நிறுத்தினாள். "நாளைக்கு உனக்குப் பிள்ளைன்னு ஒண்ணு வந்தா, முதல் நாளே டாக்டர்கிட்ட என் கதையைச் சொல்லிடு. அது போதும்."

இதயத்தின் ஒரு பக்கம் பழையபடி திரும்பவில்லை. ஆறு மாதம் காரில் உட்கார்ந்து கற்றுத்தரக் கூடாது என்றார்கள். வஸீலா ஓட்டுநர் பள்ளி வகுப்பறையில் சாலை விதி சொல்லிக் கொடுத்தாள்.

அந்த மாதங்களில்தான் மப்ரூக்காவின் நினைவு வந்தது. மஹ்ரெஸ் ஊர்க்காரி. பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில், அதே நோய். அவளுடைய குழந்தை பிழைக்கவில்லை. சில வருஷம் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு விட்டுப்போயிற்று. வஸீலா பழைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள். எடுத்தது கணவர்.

"அவ போய் மூணு வருஷம் ஆச்சும்மா. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா, அப்படியே சாஞ்சுட்டா. இதயம்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நோவும் கிடையாது."

தனக்குத் தெரிந்ததை இந்த மனிதரிடம் இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? அனுதாபம் சொன்னாள். போனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். "அவளுக்குத் தங்கச்சிங்க இருந்தாங்க, இல்ல?"

"ரெண்டு பேரு."

"அவங்கள்ல யாருக்காவது பிரசவத்துல பிரஷர் வந்துச்சா?"

"சின்னவளுக்கு. ஹஸ்னாவுக்கு."

"நம்பர் கொடுங்க, அண்ணே."

முன்பின் தெரியாத பெண் போனில் பிரஷர் பார்க்கச் சொன்னதும் ஹஸ்னா முதலில் சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் நல்லாத்தான் இருந்தேன்" என்றாள் வஸீலா.

திங்கட்கிழமை ஹஸ்னா ஊர் மருந்தகத்துக்குப் போய் பிரஷர் அளந்தாள். நூற்று எழுபது காட்டியது. அன்றே அவளை டாக்டரிடம் அனுப்பினார்கள்.