ரசமணிப் பாலும் ரத்தக் கொதிப்பும்

டாக்டர் சொன்னதை நோயாளிக்கும், நோயாளி சொல்லாததை டாக்டருக்கும் எடுத்துச் சொல்வதுதான் கம்பவுண்டர் வேலை. இரண்டு பேருமே காது கொடுக்க மாட்டார்கள் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியும். மருந்துக் கடையிலோ கிளினிக்கிலோ தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

எண்பதுகளின் ஆரம்பம். திருத்தணி பஜாரில் எங்கள் கிளினிக். டாக்டருக்கு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. ஒரு நாள் அதில் பாதரசத்தைப் பற்றிப் படித்துவிட்டார். சாப்பாட்டோடு சாப்பாடாக உள்ளே போகும் பாதரசம் நரம்பைக் கெடுப்பதோடு நிற்காது, கொதிப்பை ஏற்றி இதயத்திலும் கை வைக்கலாம் என்று எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அன்றிலிருந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் என்ன தின்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பது என் தலையில் விழுந்தது.

பெட்டிக்குள் இருப்பது

கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருவர் வந்தார். கரும்பு வெட்டுகிறவர், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. நெஞ்சு படபடக்கிறது என்றார். துருவியதில், யாரோ ஊர் ஊராகச் சுற்றுகிறவன் கொடுத்த செந்தூரப் பொடியைத் தேனில் குழைத்து வேளா வேளைக்குச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. பொட்டலத்தைப் பார்த்த டாக்டர், இதில் பாதரசம் சேர்ந்திருக்கும், உடனே நிறுத்தச் சொல் என்றார். நானும் பாதரசம் எவ்வளவு பெரிய விஷம் என்று டாக்டரைவிட ஒரு படி அதிகமாகவே பயமுறுத்தினேன்.

பிறகு ரத்தக் கொதிப்பு பார்க்கிற பெட்டியைத் திறந்து, அவர் கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்தேன். கண்ணாடிக் குழாயில் வெள்ளி நிறத்தில் ஒன்று விறுவிறுவென்று ஏறியது. "இன்னாது இது?" என்றார். புத்தி இல்லாமல், பாதரசம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"ஏம்பா, நான் துன்னா வெஷம், நீ பொட்டில வச்சி ஊதினா மட்டும் வைத்தியமா?"

துண்டு போட்ட சுறா

அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த ஒருவருக்குச் சுறா என்றால் உயிர். மெட்ராஸிலிருந்து வண்டியிலேயே வரவழைப்பார். புட்டாக வைத்துத் தின்பார், குழம்பாக வைத்துத் தின்பார், மிச்சத்தைக் கருவாடாக்கியும் தின்பார். கொதிப்பும் இருந்தது. டாக்டர் அவரை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்: பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது, சின்னதில் இருக்கிற பாதரசமெல்லாம் பெரியதில் போய்ச் சேர்கிறது, அதனால் பெரிய மீனை விட்டுவிட்டு நெத்திலி, மத்தி என்று சாப்பிடுங்கள். மனிதர் பக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோதும் சட்டையில் சுறா வாசனை. டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லையா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரிய மீனு வேணாம்னாரு, கரெக்டு. நான் இன்னா முழுசாவா முழுங்கறேன்? துண்டு துண்டா நறுக்கித்தான சார் துன்னுகினு இருக்கேன்!"

கரைகிற மணி

இதுவரை சிரித்தேன். அடுத்தது என் குடும்பத்துக்குள்ளேயே வந்தது. சரோஜா அக்காவைப் பள்ளிப்பட்டில் ஒரு தறிக்காரருக்குக் கொடுத்திருந்தோம். அக்கா புருஷரை எங்கள் பக்கம் பாவா என்போம். பாவாவுக்கு ஏற்கெனவே கொதிப்பு உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்தவர், சரவணப் பொய்கை ஓரம் கடை விரித்திருந்த ஒரு சாமியாரிடம் ரசமணி வாங்கிக்கொண்டு போனார். பாதரசத்தைக் கட்டி உருட்டிய மணி அது. தினமும் காலையில் அதைப் பாலில் போட்டுக் காய்ச்சி, மணியை எடுத்து வைத்துவிட்டுப் பாலைக் குடிக்க வேண்டுமாம். நெஞ்சு இரும்பாகிவிடுமாம்.

தை பிறப்பதற்குள் பாவாவுக்குக் கை நடுங்கியது, தறியில் நூலை ஓட்டுகிற நாடா தவறியது. ஒரு நாள், காலை உள்ளே விட்டு நெய்கிற தறிக் குழியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். அக்கா அவரை பஸ்ஸில் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். குழாயில் பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்து எனக்கே வேர்த்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் மணியைக் கேட்டார். பாவா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். இலந்தைப் பழம் அளவு வாங்கியது, இலந்தைக் கொட்டை அளவுக்கு இளைத்திருந்தது. மிச்சம் எங்கே போயிற்று என்று டாக்டர் கேட்க, பாவா பெருமையாக நெஞ்சைத் தட்டினார்.

"இங்கதான் டாக்டர்! மணி கரையக் கரைய தெம்பு உள்ள எறங்குதுன்னு அர்த்தம்!"

கரையாத மணி

டாக்டர் கத்தினார், நான் காலில் விழாத குறை. பாவா மாத்திரையை வாங்கிக்கொண்டார், மணியை மட்டும் விடவில்லை. அக்கா என்னைக் கிளினிக்கின் பின்பக்கம் இழுத்துப் போனாள். "தூக்கிப் போட்டா வேற ஒண்ணு வாங்கிகினு வந்துடுவாரு. அதே மாதிரி ஒண்ணு வேணும்டா தம்பி" என்றாள்.

லாரி ஷெட்டில் ஒரு பழைய பேரிங்கை உடைக்கச் சொல்லி, அதே அளவில் ஒரு இரும்புக் குண்டு வாங்கினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அக்கா சுருக்குப்பையில் மாற்றி வைத்தாள். டாக்டர் மாத்திரையும் வேலை செய்தது, பாதரசமும் நின்றது. வெயில் காலத்துக்குள் பாவாவின் கை நடுக்கம் நின்றது, கொதிப்பு இறங்கியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியம் சொன்னார்.

"மணி கரையறது நின்னுபோச்சி மச்சான். ஒடம்பு போதும்னு சொல்லிடுச்சி!"

தெருவே கிளம்பியது

மறு ஆடி வந்தது. பாவா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்ததில், நெஞ்சு வலிக்காரர்களெல்லாம் சாமியாரைத் தேடி மலைக்கு வரத் தயாரானார்கள். உண்மையைச் சொன்னால் பாவா பழைய மணிக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் தெருவே போய்விடும்.

நான் குழம்பிக்கொண்டிருக்க, அக்கா தயங்கவே இல்லை. நான் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்த அன்று, அத்தனை பேர் நடுவிலும் நின்று சொன்னாள்: "இது சாமியாரு மணி இல்ல, லாரி குண்டு. அந்த மணிதான் இவரக் குழியில சாச்சிது. மாத்தி வச்சது நான்தான்."

பாவாவின் முகம் சிவந்தது. கொதிப்பு ஏறி இப்போதே விழுவாரோ என்று நான் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் சுருக்குப்பையில் பத்திரமாக முடிந்துகொண்டார்.

"சாமியாரு மணி மயக்கம் குடுத்துது, லாரி குண்டு தெம்பு குடுத்துது. மலைக்கு இன்னாத்துக்குடா போறீங்க? எல்லாம் ஷெட்டுக்குப் போங்க!"

எங்கள் டாக்டர் தொண்டை கிழியக் கத்தியும் நிறுத்த முடியாத பாதரசத்தை, பழைய பேரிங் உடைத்து விற்ற லாரி ஷெட்டுக்காரர் நிறுத்திவிட்டார், எம்.பி.பி.எஸ். போர்டு என்னவோ எங்கள் வாசலில்தான் தொங்கிற்று.