சந்தா முடிந்த ஞாயிறு

கைபேசிச் செயலி ஒன்றின் சந்தா ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு உள்ளூர மகிழ்ந்த ஆள் இராஜபாளையத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் செயலி எனக்கானதும் இல்லை. கண்ணாடி போட்டால் எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். அது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பனுடையது. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. புத்தகப் பக்கத்தை அவன் கைபேசியில் படம் பிடித்தால் அது தமிழில் வாசித்துக் காட்டும். அது வருவதற்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் நான்.

கல்லூரியில் தொடங்கிய வேலை அது. நான் பாடத்தை வாசிப்பேன், அவன் கேட்பான். கேட்டவன் முதல் வகுப்பில் தேறினான். வாசித்தவனுக்கு அரியர் விழுந்தது. பிறகு நான் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். அவன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முதலில் டெலிபோன் பூத்தும், பூத்துகள் போன பின் ஜெராக்ஸ் மிஷினும் போட்டான். கூமாப்பட்டிக்காரர்களின் பட்டாவும் வன்னியம்பட்டிப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் அவன் கை வழியாகத்தான் போய் வருகின்றன. தாளைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் கண்ணாடியில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவனுக்கு எட்டாது.

ஞாயிறு காலை அவன் மனைவியோடு சர்ச்சுக்குப் போய் வந்து சாப்பிட்டு முடிக்கும்போது நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்திருப்பேன். கடைக்கு விடுமுறை என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாசிப்போம். பாதி ஷட்டர் என்றால் பாதிக் கடை திறந்திருக்கிறது என்று நம் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். கதாநாயகி விஷம் குடிக்கப் போகும் இடத்தில் ஒரு தலை கீழே குனிந்து, "அண்ணே, ஆதாருக்கு ஒரு காப்பி" என்று கேட்கும். காப்பி முடிந்த பிறகுதான் அவள் குடிப்பாள்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வாசித்துக்கொண்டே போகும்போது திடீரென்று, "நில்லு" என்பான். நான் நிற்பேன். அவன் ஒன்றும் பேசமாட்டான். அந்த வரியை வாய்க்குள் போட்டு ஒதுக்கிக்கொண்டு சும்மா இருப்பான். பொறவு, "ம்" என்பான். நான் தொடர வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு ஓடுவதற்காகவே புத்தகம் எடுப்பவன் நான். அவன் நிறுத்திய இடங்களில் வேறு வழியில்லாமல் நானும் நின்று பார்த்ததில்தான், நன்றாக எழுதிய ஒரு வரி எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. நான் பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதுவதை வைத்து, என்னைப் 'பரந்த வாசிப்புள்ளவர்' என்று மேடையில் யாராவது சொன்னால், பரப்பு மட்டும்தான் என்னுடையது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், கோயம்புத்தூரில் வேலையில் இருந்த அவன் மகள் அந்தச் செயலியை வாங்கிக் கொடுத்தாள். முழு ஆண்டுச் சந்தா. அந்த ஞாயிறு நான் போனபோது அவன் முகத்தில் புதுச் சட்டை போட்ட பிள்ளையின் களை. ஒரு பக்கத்தைப் படம் பிடித்தான். ஒரு பெண் குரல், இழைத்து வைத்த பலகை மாதிரி வழுவழுவென்று, மழையைப் பற்றி ஒரு பத்தி வாசித்தது.

"ஏலே, கேட்டியா? இது மழைன்னு சொல்லுது. நீ இம்புட்டு வருசமும் மளைன்னுல்ல வாசிச்ச."

வீட்டில் தெலுங்கும் வெளியே தெக்கத்தித் தமிழும் பேசுகிறவன் ழகரத்துக்கு எங்கே போவேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, இனிமேல் உனக்கு எதுக்குய்யா வாராவாரம் அலைச்சல் என்றான். அன்பாகச் சொன்னதுதான். வேலையை விட்டு நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் அன்பாகத்தான் சொல்கிறார்கள்.

என் ஞாயிறுகள் கையில் வந்து சேர்ந்தன. என்ன செய்வதென்று தெரியவில்லை. புத்தகத்தை எடுத்தால் உதடு தானாக அசைந்து சத்தம் வெளியே வந்துவிடும். சமையலறையிலிருந்து மனைவி, யாரிடம் போனில் பேசுகிறீர்கள் என்று கேட்பாள். நல்ல வரி ஒன்று வந்தால் நின்று, காது கொடுத்துப் பார்ப்பேன். தெருவில் குக்கர் ரிப்பேர்க்காரரின் ஒலிபெருக்கி போகும். நிற்கச் சொல்ல ஆள் இல்லாததால் அந்த வருஷம் நிறையப் புத்தகங்களை முடித்தேன். ஒன்றும் ஞாபகமில்லை.

அந்த நிலையில்தான் சந்தா முடிந்தது, விலையும் ஏறியது. விலையை டாலரில் வைத்திருக்கிறார்கள். ரூபாய் எங்கே சறுக்கினாலும் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெராக்ஸ் கடையில் வந்து விழுகிறது. நல்ல தமிழ்க் குரலுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இலவசச் செயலிகளும் இருக்கின்றன. பழைய அச்சைக் கண்டால் அவை திணறும். பக்க எண்ணையும் கதையோடு சேர்த்தே வாசிக்கும். "அவள் கதவைத் திறந்தாள் நூற்றுப் பதினேழு வாசலில் யாருமில்லை" என்று ஒரு சோகக் காட்சியை அவன் எனக்குப் போனில் சொல்லிக் காட்டினான். வடை மடித்துக் கொடுத்த தாளை நான் எண்ணெயோடு சேர்த்து ஓசியில் படிக்கிறேன். அதே தாளைப் படிக்க அவன் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். இதை நினைத்து நான் கோபப்பட்டேன். கோபத்துக்கு அடியில் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான். "கத பாதியில நின்னு போச்சு. வாரியா?"

சாப்பாட்டை முடிக்காமல் பஸ் ஏறினேன். அதே பாதி ஷட்டர், அதே டோனர் வாசனை. இயந்திரம் விட்ட வரியிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே, "நில்லு" என்றான். நின்றேன். வெளியே ஏதோ பஸ் பின்னால் எடுக்கும் விசில் சத்தம். அப்படியே அன்று சாயங்காலம் முழுக்க நின்றிருக்கத் தயாராக இருந்தேன்.

அவன் "ம்" சொல்லவில்லை. வேறொன்று சொன்னான்.

"நீ வாசிச்சா நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமதான வருது. அது இருந்தப்ப, விடியக்காலம் முழிப்பு வந்தா நானா ஒரு பக்கத்த எடுத்தேன், நானா படிச்சேன். ஒருத்தரையும் எதிர்பாக்கல. இந்த வயசுக்கு அதுதாம்ல எனக்கு மொதத் தடவ."

மகளிடம் கேட்கலாமே என்றேன். அவள் குழந்தைக்காக வேலையை விட்டிருக்கிறாள், அவளிடம் போய் என்ன கேட்பது என்றான். ஜெராக்ஸும் முன்னைப் போல இல்லை. எல்லோரும் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். பொறவுதான் "ம்" என்றான். மீதியை வாசித்தேன். எனக்கே கேட்கும்படியாக 'மளை' என்றுதான் வாயில் வந்தது.

அந்த மாதம் ஒரு பத்திரிகை நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைக்குப் பணம் அனுப்பியிருந்தது. அதைச் சந்தாவுக்குக் கட்டினால் ஞாயிறு போய்விடும். கட்டாவிட்டால் விடியற்காலைகள் போய்விடும். ஞாயிறு என்னுடையது, விடியற்காலை அவனுடையது. என் பஸ் கட்டணத்தையும் நான் தின்ற பஜ்ஜியையும் கூட்டிப் பார்த்தால் செயலியைவிட நான்தான் விலை கூடியவன் என்று அவனிடம் வாதாடினேன். அவன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், நான் எழுதுவதையெல்லாம் அவன் கடையில் ஆயுசு முழுக்க இலவசமாக நகலெடுத்துக்கொள்ளலாம் என்று பேரம் படிந்தது. என் எழுத்துக்கு யாரும் நகல் கேட்பதில்லை என்பது அவனுக்கும் தெரியும். என் கைபேசியிலேயே சந்தாவைக் கட்டினேன். தன் கைக்காசைப் போட்டு, தன் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டு வந்தவன் எங்கள் வட்டாரத்தில் இன்னொருவன் இருந்தால் அவனைச் சந்திக்க ஆசை.

இரண்டு ஞாயிறுகள் வீட்டிலிருந்து பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு, பேரம் பேசியபடி நகலெடுக்கலாமே என்று ஒரு கட்டுரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அந்த வழுவழுப்பான குரல் வாசித்துக்கொண்டிருந்தது. பிழையில்லாத ழகரம். உள்ளே நுழையக் குனிந்தேன்.

"நில்லு" என்றான் அவன்.

அது நிற்கவில்லை. அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கும் பழக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. விரல் திரையைத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. ஷட்டருக்கு அடியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பு வலித்தது. அந்த வரி போய் அடங்கட்டும் என்று அசையாமல் இருந்தேன்.

"ம்" என்றான், யாரிடமோ.

பிறகு தலையைத் திருப்பி, "யாரு? இன்னைக்குக் கட லீவு" என்றான்.

"அண்ணே, ஒரே ஒரு காப்பி" என்றேன்.