வாசலில் விட்ட பை

பிள்ளைகளே, லண்டனில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கட்டடம் இருக்கிறது. சிவப்புச் செங்கல், உயரமான ஒடுங்கிய யன்னல்கள், எந்நேரமும் பூட்டிய இரும்புக் கேற், மேலே கமரா. வெகுகாலம் அதை நான் ரெலிபோன் கந்தோர், ஏதோ அரசாங்க அலுவலகம் என்றே நினைத்திருந்தேன். அது யூதர்கள் கும்பிடும் சினகொக் என்று மகள் அபி சொல்லித்தான் தெரியும். கும்பிடுகிற இடத்துக்கு ஏன் காவல் என்று எனக்கு விளங்கவில்லை.

அபியின் வகுப்பை அங்கே கூட்டிப்போனபோது உதவிக்கு நானும் போனேன். காவலாளி பெயர்களைச் சரிபார்த்து உள்ளே விட்டார். கடைசியாகப் போனது நான். வாசற்படியைக் கண்டதும் கால் தானாக நின்றது. சப்பாத்தைக் கழற்றினேன். கம்பளித் தொப்பியையும் எடுத்தேன். இரண்டையும் என் கறுப்புப் பைக்குள் வைத்து, யார் காலிலும் தட்டுப்படாதபடி தூணுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் போனேன். மனோர் பார்க் முருகன் கோயிலிலும் நான் அப்படித்தான் செய்வேன். உள்ளே ஒருவர் என் தலையைப் பார்த்துவிட்டுச் சின்ன வட்டத் தொப்பி ஒன்றை நீட்டினார். அங்கே தலையை மூடுவதுதான் மரியாதையாம். என் காலை அவர் கவனிக்கவில்லை.

ரூத் என்ற அம்மா சுற்றிக் காட்டினார். நடுவில் வேதச் சுருளை வாசிக்கும் மரமேடை. சுற்றிவரப் பெண்கள் இருக்கும் மாடி. கிழக்குச் சுவரில் அந்தச் சுருள்களை வைக்கும் திரை போட்ட பேழை, அதற்கு மேலே அணையாத விளக்கு. “எங்கட கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரி,” என்று அபியிடம் மெல்லச் சொன்னேன். ரூத்தின் தாத்தா தன் நாட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த தையற்காரராம். முதலில் துறைமுகப் பக்கம் நெருக்கிக்கொண்டு இருந்தவர்கள், கொஞ்சம் தலையெடுத்ததும் இங்கே வந்து இதைக் கட்டினார்களாம். ஒரு யன்னலின் கண்ணாடி மட்டும் நிறம் மங்கியிருந்தது. உலகப் போரில் குண்டு விழுந்து உடைந்ததற்குப் பதிலாகப் போட்டது. “வெளியே ஏன் இவ்வளவு சாதாரணமாகக் கட்டினார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார்கள்,” என்றார் ரூத்.

அப்போது காவலாளி வேகமாக வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். ரூத்தின் முகம் மாறியது. பின்கதவால் எல்லாரையும் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் ஆளில்லாத பை ஒன்று கிடக்கிறதாம். ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. நான் அபியின் கையை இறுக்கிப் பிடித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒருமுறை பஸ்ஸில் ஒரு பார்சல் கிடந்தது. “இது யாருடையது?” என்று ஆமிக்காரன் கேட்டான். என்னுடையது என்று சொன்ன மனிதரை இறக்கி வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது.

புல் நனைந்திருந்தது. என் கால் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று குனிந்து பார்த்தேன். அபியும் பார்த்தாள்.

“அப்பா, உங்கட சப்பாத்து எங்க?”

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“வாசல்ல விட்டிட்டீங்களோ?”

“ஓம்.”

“அப்ப போய்ச் சொல்லுங்கோ!”

“பொறு பிள்ளை.”

“எல்லாரும் பயந்துபோய் நிக்கினம், அப்பா.”

கையை உயர்த்தினேன். “அது என்னுடைய பை.”

“அசையாதே. உள்ளே என்ன?” என்றார் காவலாளி.

“சப்பாத்து.”

“சப்பாத்தை ஏன் அங்கே வைத்தாய்?”

“கோயில்,” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஈரமான காலுறையைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், தள்ளி நின்று, என்னையே திறக்கச் சொன்னார். பையின் சிப்பை இழுத்தேன். சப்பாத்து, தொப்பி, புட்டுப் பெட்டி.

விஷயத்தைக் கேட்ட ரூத் அப்படியே முற்றத்து மரவாங்கில் உட்கார்ந்துவிட்டார். “எங்கள் குருமார் வம்சத்தவர்களும் அந்தப் பேழைக்கு முன் ஆசி சொல்லும்போது சப்பாத்தைக் கழற்றுவார்கள்,” என்றார்.

“அப்ப அப்பாவும் ஐயர்தான்!” என்றாள் அபி. அதை அவள் இங்கிலிஷிலும் சொல்ல, வகுப்பே சிரித்தது. காவலாளி சிரிக்கவில்லை. “பையை எங்கேயும் விட்டுவிட்டுப் போகாதே,” என்றார். அதில் கோபம் இல்லை. நிறையப் பயந்தவர்களின் குரல் அது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.

அடுத்த வெள்ளி மனோர் பார்க் போனேன். வாசலில் வழக்கம்போலச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன, பைகளும் கிடந்தன. என் பையை மட்டும் அங்கே விட மனம் வரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு விளக்குக்கு முன் நின்றேன். என் கை தானாக உச்சந்தலைக்குப் போய், அங்கே இல்லாத அந்தச் சின்ன வட்டத் தொப்பியைத் தேடியது.