மூன்று பெட்டியும் ஒரு பூசணிக்காயும்

எங்கள் அண்ணன் அனுமந்தன்பட்டியில் திராட்சை விவசாயக் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்து, அறுபத்து மூன்றாம் வயதில் அதே தெருவிலிருந்து ஆண்டவரிடம் சென்றார். இடையில் வேறு எந்த ஊரிலும் குடியிருந்ததில்லை. இந்த முதலாண்டு நினைவு மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும், உறவினர்கள் பலர், "அந்த வண்டியப் பத்தி ரொம்ப எழுதிராதீக" என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் குறிப்பு எழுதி வைப்பவன் நான். ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததில், அண்ணனைப் பற்றிய பக்கங்களில் பாதிக்கு மேல் வண்டிதான் இருக்கிறது. உறவினர்கள் மன்னிக்க வேண்டும்.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா இறந்தார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்; என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். பழம் பறிக்கிற வாரத்தில் மழை பெய்து பந்தல் முழுவதும் வீணான ஆண்டிலும் அவர் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்க மாட்டார். பொய் சொல்ல மாட்டார். இந்த இரண்டாவது நற்குணத்தால் வீட்டில் நேர்ந்த சிரமங்களில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணனின் வண்டி முந்நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள். அவரைவிட இரண்டு வயது மூத்தது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களுக்குள் இருந்த ஸ்பிரிங்குகள்தான் தளர்ந்துபோயிருந்தன. பிரேக் பிடித்தால் வண்டி தரையை முத்தமிடப் போவதுபோல் முன்னால் குனியும்.

மதினியின் தங்கை குமுளியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு விருந்து முடிந்து, தூக்குச்சட்டி நிறையப் பாயசத்துடன் மதினி பின்னால் உட்கார்ந்து வர, அண்ணன் மலையிறங்கினார். மூன்றாவது வளைவில் எதிரே லாரி. அண்ணன் பிரேக் பிடித்தார். வண்டி குனிந்தது. மதினியின் நெற்றி அண்ணனின் பிடரியில் மோதியது. பாயசம் முழுவதும் அண்ணனின் சட்டைக் காலருக்குள் இறங்கியது. லோயர் கேம்ப் வந்ததும் மதினி இறங்கிக்கொண்டார்.

"இந்த வண்டியில இனிமே என் சேலை நுனிகூடப் படாது. நீங்க பாயசத்தோட வாங்க, நான் பஸ்ல வாரேன்."

மறுநாளே அண்ணன் உத்தமபாளையம் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். புதிய ஃபோர்க் குழாய்கள், இறுக்கமான ஸ்பிரிங்குகள், கெட்டியான எண்ணெய் எல்லாம் வந்தன. கடைசியாக, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் மேலும் ஒரு சிறிய பி.வி.சி. குழாய்த் துண்டு வைத்து மூட வேண்டும். துண்டு நீளமானால் முன்புறம் விறைப்பாகும், குட்டையானால் இளகும். ஏறுகிறவர்களின் எடைக்குத் தக்கபடி அதை வெட்ட வேண்டும்.

"ஓட்டுறவுக கனம் மட்டும் சொல்லுங்கண்ணே, போதும். பின்னால உக்கார்றவுக கனம் பெரும்பாலும் பின்சக்கரத்துக்குத்தான் போகும்" என்றார் மெக்கானிக்.

"சமதரையில சரிப்பா. குமுளி இறக்கத்துல பிரேக் பிடிச்சா எல்லாக் கனமும் முன்னாலதான் வரும். பாயசம் எங்க வந்துச்சுன்னு எனக்குத்தான தெரியும்."

அண்ணன் வீட்டுக்கு வந்து மதினியிடம் நேராகவே கேட்டார். நான் அருகில் இருந்தேன்.

"நீ எத்தனை கிலோ?"

"ஏன், என்னைய யாவாரிக்குப் போடப் போறீகளா?"

அதோடு பேச்சு முடிந்தது. அந்த மாதம் கோயில் வளாகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்து ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். மதினி தன் அட்டையை இரண்டாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் புத்தகம் மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அண்ணன் தொடவில்லை.

"பாத்துட்டு வச்சிர வேண்டியதுதானண்ணே?" என்றேன்.

"அது அவ புஸ்தகம்ல."

"பின்ன எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"கல்யாணமான புதுசுல ஒருக்கா தூக்கிப் பாத்தேன். அந்தக் கணக்கு இப்ப ஒத்து வராது."

முடிவில், தற்காலிகத் துண்டுகளோடு வண்டியை வாங்கி வந்து, தோட்டத்தில் வைத்து ஓர் ஏற்பாடு செய்தார். எடை தெரிந்த, பழம் நிரம்பிய திராட்சைப் பெட்டிகளை வண்டியின் பின் இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இருக்கை கீறக் கூடாதென்று மதினியின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார். மூன்று பெட்டி வைத்ததும், சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. வரப்பில் கிடந்த பூசணிக்காயை எடுத்து மேலே வைத்தார். அப்போது மதினி மதியச் சாப்பாட்டோடு வந்துவிட்டார். சேலையையும் பெட்டிகளையும் உச்சியில் இருந்த பூசணிக்காயையும் பார்த்தார்.

"இது யாரு?"

வேறு எந்த மனிதராக இருந்தாலும் சந்தைக்குப் போகிற சரக்கு என்று சொல்லியிருப்பார்.

"நீதான்" என்றார் அண்ணன்.

அன்று இருவருக்குமான சாப்பாட்டை நான் ஒருவனே சாப்பிட்டேன்.

மூன்று பெட்டி, ஒரு பூசணிக்காய் என்ற கணக்கிலேயே வேலை முடிந்து வண்டி வந்தது. அண்ணன் பின் இருக்கையில் விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த சொம்பை வைத்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கம்பம் வரை ஓட்டிக் காட்டினார். உள்ளங்கை அளவுகூடச் சிந்தவில்லை. மதினி ஏறவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னார்: "வண்டியில எனக்குக் கோவமில்ல தம்பி. உங்க அண்ணன் மனசுலருந்து அந்தப் பூசணிக்காய எறக்கட்டும், அன்னைக்கு ஏறுறேன்."

அதை அண்ணனிடம் சொன்னேன். "எடை தெரியாம எப்படிலே எறக்குறது? சும்மா எறக்கிட்டேன்னு சொன்னா பொய்யில்ல?" என்றார்.

அதன்பின் குமுளிப் பயணம் இப்படி நடந்தது: மதினி பேருந்தில் சன்னலோரம் உட்காருவார், அண்ணன் அந்தச் சன்னலுக்குப் பின்னாலேயே வண்டியில் வருவார். நிறுத்தங்களில் பேருந்து நின்றால் அவரும் நிற்பார். ஒருமுறை நடத்துநர், "யக்கா, உங்க வீட்டுக்காரரு டிக்கெட் எடுக்காம வாராரு" என்றார். பேருந்தே சிரித்தது. மதினியும் சிரித்துவிட்டு, முறுக்குப் பொட்டலத்தைச் சன்னல் வழியாக நீட்டினாராம். ஏறவில்லை. இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின.

சென்ற ஆண்டு அறுவடை முடிந்த வாரத்தில், காலைக் காப்பி பாதி குடித்திருந்த நிலையில் அண்ணன் நம்மைப் பிரிந்தார். வண்டி கொட்டகையில் நின்றது.

இரு வாரங்களுக்கு முன் இந்த நினைவுத் திருப்பலிக்குத் தங்கையை அழைக்க மதினி குமுளி போக வேண்டியிருந்தது. நான் பேருந்து நேரம் பார்த்து வைத்திருந்தேன்.

"வண்டிய எடுங்க தம்பி" என்றார் மதினி.

ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையும் என் தோள் வரை அறைந்தது. கூடலூர் தாண்டியதும் மதினி என் முதுகைத் தட்டினார்.

"அவுக ஓட்டும்போதும் இப்படித்தானா?"

"இல்ல மதினி. இது அண்ணன் கனத்துக்கு வச்சது. நான் பதினாலு கிலோ கம்மி."

"பூசணிக்காயும் உள்ளதான இருக்கு?"

நான் அடுத்த வேகத்தடையைப் பார்த்து ஓட்டினேன். திரும்பும்போது எங்கள் ஊரைத் தாண்டி உத்தமபாளையம் வரை போய், மெக்கானிக்கிடம் நிறுத்தி, குழாய்த் துண்டுகளைக் குறைத்து வெட்டச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து இரண்டு துண்டுகளையும் எடுத்துத் துடைத்தார். அவற்றில் அண்ணனின் கையெழுத்து ஆணியால் கீறப்பட்டிருந்தது. இரண்டிலும் ஒரே வாசகம்: "3 பெட்டி. பூசணி இல்லை."

"ரெண்டாந்தடவ அண்ணனே வெட்டிக் கொண்டாந்து மாட்டச் சொன்னாக. ஏன்னு சொல்லல" என்றார் மெக்கானிக்.

அது எந்த நாள் என்று என் ஏடுகளில் தேடினேன். இல்லை. எதைப் பார்த்து இறக்கினார் என்பதும் எனக்குத் தெரியாது. சரிதான் என்று உறுதியாகத் தெரியாததால்தான் சொல்லாமல் இருந்திருப்பார்.

மதினி துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று துண்டுகளை வெட்டாமலே திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், ஜெபப் புத்தகத்திலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். மூன்று பெட்டிகளின் எடையும் அட்டையில் இருந்த எடையும் ஒன்றாகவே இருந்தன. ஒரு பெட்டி எத்தனை கிலோ என்பதை மலரில் அச்சிடக் கூடாதென்பது மதினியின் உத்தரவு.

"அப்ப நாளைக்கு என் கனத்துக்குத் தக்கன துண்ட வெட்டிரலாமா மதினி?"

"வெட்ட வேணாம். அவுக வச்சது வச்சபடி இருக்கட்டும். நீங்க நல்லாச் சாப்பிடுங்க."

அண்ணனின் இறுதி நாளில் உடன் நின்ற அண்டை வீட்டாருக்கும், அடக்கத்துக்கு வந்த ஊராருக்கும், துண்டுகளை அப்படியே திரும்ப மாட்டித் தந்து கூலி வாங்க மறுத்த மெக்கானிக்குக்கும், அண்ணனுக்கு இடம்விட்டுப் பேருந்து ஓட்டிய ஓட்டுநர்களுக்கும், டிக்கெட் கேட்காத நடத்துநருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று திருப்பலிக்குப் பின் நடக்கும் விருந்தில் எனக்கு இரண்டாம் முறை சோறு வைப்பவர்களுக்கும் முன்கூட்டியே நன்றி சொல்லிக்கொள்கிறேன். இதுவரை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறேன். இன்னும் பன்னிரண்டரை இருக்கிறது.

— தம்பி