எந்தப் பக்கம்?

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறு எங்கும் அது புழங்குவதில்லை. வாடிக்கையாளர்களுக்கு அவர் 'எந்தப்பக்கம்'. டிம்மர் மாட்ட வரும் எலக்ட்ரீஷியன் அவர்; படுக்கையறைக்குள் கால் வைத்ததும் கட்டிலைப் பார்த்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அந்த வீட்டுச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் சுவிட்ச் வைத்து ஒரே விளக்கைப் போடலாம், அணைக்கலாம். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் திருகை ஒரு பக்கம்தான் வைக்க முடியும். இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டும் மல்லுக்கு நிற்கும், பல்பு சிமிட்டும், சுவருக்குள் ஞொய்யென்று சத்தம் வரும். ஆக, எவ்வளவு வெளிச்சம் என்பது ஒருவர் கையில். மற்றவருக்குப் போடவும் அணைக்கவும் மட்டும்தான் உரிமை.

"தலைகீழா நின்னாலும் ஒரு பக்கம்தான் சார். பேசி முடிங்க, நான் அதுக்குள்ள ஹால் வேலைய பார்க்கறேன்" என்று நழுவிவிடுவார். ஹாலில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே ஒரு காதை உள்ளே வைத்திருப்பார். ஒரு வீட்டில் கணவர் வக்கீல், மனைவி டீச்சர். இரண்டு பேரும் வாதாடி வாதாடி, வழக்கு மாமியார்வரை போனது. அந்த அம்மாள், "ரெண்டு பேருக்கும் வேண்டாம், என் ரூம்ல மாட்டுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதை அவர் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சொந்த வீட்டில் மட்டும் பல வருஷம் கண்ணைக் குத்தும் ட்யூப் லைட்தான். "ஊருக்கெல்லாம் மாட்டறீங்க, நம்ம வீட்டுக்கு எப்ப?" என்று மனைவி கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனாள். 'நாளைக்கு, நாளைக்கு' என்று கடத்திக்கொண்டே வந்தார். வெளிநாட்டில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்து, டிக்கெட்டும் வந்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, இவர் ட்யூப் லைட்டைக் கழற்றிவிட்டு வேறு விளக்கு போட்டார். சுவரை உடைத்து ஒயர் இழுத்தார்.

"எந்தப் பக்கம்?" என்று அவளிடமும் கேட்டார், வேண்டுமென்றே.

"என் பக்கம்தான். இதுல கேள்வி வேறயா?" என்றாள்.

புறப்படுவதற்கு முந்தின இரவு அவள்தான் திருகைத் திருப்பி, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்தாள். அவர் அதற்குப் பிறகு அந்தத் திருகைத் தொடவே இல்லை. தன் பக்கத்துச் சுவிட்சைத்தான் தட்டுவார். தட்டினால், அவள் வைத்த அளவில் விளக்கு எரியும். அவள் கை வைத்துவிட்டுப் போனது அப்படியே இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. ஊருக்கே வெளிச்சம் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறவர், தன் வீட்டில் அரை இருட்டில் நகம் வெட்டப் போய் விரலை வெட்டிக்கொண்டார். ஜோடி செருப்பு என்று எடுத்துப் போட்டால் இரண்டும் இடதுகாலாக இருக்கும். திரும்பி வரவேண்டிய சமயத்தில் அவள் போன் செய்து, "நான் பார்த்துக்கற பெரியம்மா விட மாட்டேங்கறாங்க, இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வந்துடறேங்க" என்றாள். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டும் என்று இருந்தது. வேறு எதுவும் வேண்டாம்போல இருந்தது.

அப்போதுதான் அவருடைய அக்கா நாலு நாள் தங்கிப்போக வந்தாள். அக்காவுக்குச் சும்மா இருந்தால் உடம்பு நோகும். ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து சுவிட்சைத் தட்டினார். அறை கடைத்தெரு மாதிரி ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"அக்கா! யாரு இத திருப்பினது?"

"நான்தாண்டா. குருட்டு வெளிச்சத்துல எத துடைக்க, எத பெருக்க?"

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உன்ன யாரு தொடச் சொன்னா?"

"ஒரு திருகத் திருப்பினதுக்கா இந்தக் குதி குதிக்கற? பழையபடி திருப்பிக்கோயேன்."

திருப்பினார். கொஞ்சம் இறக்கினால் அதிகமாக இறங்கியது. கொஞ்சம் ஏற்றினால் யார் வீட்டு அறையோ போலத் தெரிந்தது. எத்தனை வீட்டில் கண்ணாலேயே பார்த்து 'இது போதும்' என்று சொல்லியிருக்கிறார்! இங்கே தலையால் தண்ணீர் குடித்தும் அந்த அளவு பிடிபடவில்லை.

"அது அவ வச்சிட்டுப் போன அளவு, அக்கா" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அக்கா துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். "சரி, தெரியாம பண்ணிட்டேன். அதுக்கு ஏண்டா அழற? அவ நல்லாத்தானே இருக்கா? போனப் போட்டு அவளயே கேளு" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வீடியோ காலில் மனைவி வந்தாள். அங்கே இன்னும் பகல். வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார், சிரிக்கவில்லை.

"என் தலகாணில போன சாத்தி வச்சிட்டுத் திருப்புங்க, சொல்றேன்" என்றாள்.

கட்டிலில் அவள் பக்கம் உட்கார்ந்து, அடியோடு குறைத்துவிட்டு மெல்லத் திருப்பினார்.

"இன்னும். இன்னும் கூட்டுங்க."

"இல்லம்மா, அன்னிக்கு இவ்வளவு இல்ல. ரொம்பக் கம்மியா வச்சிருந்த."

"அன்னிக்கு அழுதுட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு குறைச்சேன்." திரையை உற்றுப் பார்த்தாள். "அந்த இருட்டுலயா இத்தன நாளா உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் போனில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முழுசா வைங்க. உங்க மூஞ்சிய பார்க்கணும்."

முழுசாக வைத்தார். கன்னம் ஈரமாக இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று தோன்றியது. கை தன்னால் திருகைக் குறைக்கப் போனது.

"கைய எடுங்க" என்றாள் அவள். "அது என் பக்கம்."