முப்பத்தாறு டிகிரி வித்தியாசம்

வல்லம் வடகாலில் நான் தரச் சோதனையில் வேலை பார்க்கும் கம்பெனிக்கு, பெயின்ட் அடித்த பாகங்களைச் சூட்டில் காயவைக்கும் புது ஓவன் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை ஓட்டியவள் தென்காசிப் பக்கத்துப் பெண். சேரப்பணஞ்சேரியில் நாங்கள் இருவரும் ஒரே வாடகை அறையில் இருந்தோம்.

ஓவனுக்குள் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் சூட்டில் முப்பத்தாறு டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அதன் கையேடு சொன்னது. ஆனால் அது ஃபாரன்ஹீட் கணக்கு. எங்கள் மீட்டர்கள் எல்லாம் செல்சியஸ். சூப்பர்வைசர் போனில் முப்பத்தாறைத் தட்டி மாற்றிப் பார்த்தார். இரண்டு சொச்சம் வந்தது. "ரெண்டு டிகிரிக்கு மேல போவக் கூடாது" என்று எழுதி ஓவன் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. மூலைக்கு மூலை எட்டு, ஒன்பது டிகிரி வித்தியாசம் காட்டிக்கொண்டே இருந்தது. ஓவனை விட்டு வந்த பாகங்களை எல்லாம் ஓரங்கட்டினார்கள்.

"இன்னாம்மா பண்ற? கதவ சரியா மூடுனியா, இல்லியா?" என்று சூப்பர்வைசர் கத்துவார். மேலிடத்தில் அவருக்கும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. அவள் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினாள். முன்கையில் சுட்டுக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "ஊருக்கே போயிருதேன்க்கா" என்றாள்.

வார விடுமுறை நாள் ஒன்றில் அவளுக்குக் காய்ச்சல். சாயங்காலம் அவள் அம்மா போனில் கேட்க, "காலைல நூறு இருந்துச்சு, இப்போ நூத்திரெண்டும்மா. ரெண்டு டிகிரி ஏறிட்டு" என்றாள். அறையில் இருந்த தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்; கம்பெனி நர்ஸ் செல்சியஸில்தான் கேட்பார் என்று, ஏறிய அந்த இரண்டை என் போனில் போட்டேன். மைனஸ் பதினாறு சொச்சம் என்றது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஓவன் நினைவுக்கு வந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், காய்ச்சல் ரெண்டு டிகிரி ஏறுனா உடம்பு மைனஸ் பதினாறுக்கா போவும்?"

"இன்னா சொல்ற நீ?"

போனைக் காட்டினேன். தண்ணீர் உறையும் இடம் செல்சியஸில் பூஜ்யம், ஃபாரன்ஹீட்டில் முப்பத்திரண்டு. அதனால் இவ்வளவு சூடு என்று ஓர் அளவை மாற்றும்போது முப்பத்திரண்டைக் கழித்தாக வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு அந்த வேலை இல்லை. இரண்டிலும் அதே முப்பத்திரண்டு இருப்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போதே அது போய்விடும். ஒன்பது ஃபாரன்ஹீட் ஏறினால் ஐந்து செல்சியஸ் ஏறும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் முப்பத்தாறுக்கு இருபது.

அவர் ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்தார். "அப்போ ஓவன் முதல்லேர்ந்தே நல்லாத்தான் ஓடிகினு இருந்துதா?" என்றார் மெதுவாக. ஒட்டியிருந்ததைத் தானே போய்க் கிழித்தார்.

காய்ச்சல் விட்டு அவள் வேலைக்கு வந்த அன்று, லைனில் எல்லோரும் நிற்கும்போதே சொன்னார்: "உன் மேல தப்பு இல்லம்மா. நான்தான் கணக்க தப்பா போட்டுட்டேன். மனசுல வச்சிக்காத."

"சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கைகழுவும் இடத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"இத்தன நாளும் எனக்குத்தான் வேல தெரியலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள்.